குதிரைச் சவாரியும் காலை விடுவிக்கும் அங்கவடியும்

மட்டக்குதிரைகளை வைத்துக்கொண்டு, யாத்திரிகர்களைச் சவாரிக்கு ஏற்றிச் சென்று ஜீவனம் செய்யும் குடும்பங்கள் கோடைக்கானல் ஏரிக்கரையிலும் உதகமண்டலத்திலும் இன்றும் உண்டு. அவர்களுக்குக் குதிரை எவ்வாறு மூலதனமோ அவ்வாறே சேணமும் மூலதனமாகும். குதிரை வாங்கப் போகிறவன் பல்லைப் பார்க்கிறான். குளம்பைத் தட்டிப் பார்க்கிறான். நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்க்கிறான். சுழி பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் கூட அழைத்துப் போகிறான். சேணம் வாங்கும்போதோ, தோல் பளபளப்பாயிருக்கிறதா, விலை சகாயமா என்ற இரண்டு விஷயங்களோடு பரீட்சை முடிந்துவிடுகிறது. அச்சேணத்தின் இருபுறமும் தொங்கும் அங்கவடி, ஏறியிருப்பவர் தவறி விழும் தருணத்தில் அவர் காலை விட்டுவிடுமா, பிடித்துக்கொள்ளுமா என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. சங்கத்தின் மூலமாகச் சேணச் சாமான்களைக் கூட்டாக வாங்க உத்தேசிக்கும் அங்கத்தினர்களுக்கு இந்த விசாரணையே முதன்மையானது என்று கருதி இதனை எழுதலாயிற்று.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மலையூரில் நான் நேரில் கண்டது இது. பத்து வயதுள்ள பையன் ஒருவனை மட்டத்தின்மேல் ஏற்றினார்கள். அங்கவடி பெரியவர்களின் உயரத்திற்கு இறக்கிவிடப்பட்டிருந்தபடியால் பையனின் கால் அதற்கு எட்டவில்லை. குதிரைக்காரர் அங்கவடிக்கு மேலேயுள்ள தோல் வாரின் இரண்டு மடிப்புகளையும் பிரித்து, அவற்றின் நடுவே பையனின் பாதங்களைச் செருகிவிட்டார். நூறு கஜம் போவதற்குள், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று ஹாரனை அலறவிட, மட்டம் பக்கவாட்டில் துள்ளிற்று. பையன் சரிந்தான். உடல் தரையிலும் இடது கால் வாரிலுமாக அவன் தொங்க, மட்டம் மிரண்டு சுற்றத் தொடங்கிற்று. குதிரைக்காரர் நல்ல வேளையாகக் கயிற்றை விடவில்லை. எதிரே வந்த மற்றொருவர் ஓடிவந்து பையனைத் தூக்கிப் பிடித்த பிறகே கால் வெளியே வந்தது. கணுக்கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று. பின்னர் நான் அச்சேணத்தைத் தூக்கிப் பார்த்தேன். வாரானது சேணத்தின் அடியில் ஓர் இரும்பு வளையத்தில் கோத்துத் தைக்கப்பட்டிருந்தது. அறுந்தாலொழிய அது கழல வழியே இல்லை. குதிரைக்காரர் கண் கலங்கி நின்றார். "பிள்ளை விழக்கூடாதே என்றுதானே, ஐயா, காலைச் செருகினேன்?" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. வண்டியில் ஏற்றிய மூட்டையை இறுகக் கட்டினால் அது விழாது. அதுபோலவே பிள்ளையையும் பிணைத்துவிட்டால் விழமாட்டான் என்பது நம் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம். குதிரைச் சவாரியில் இவ்வெண்ணமே பெரிய அபாயம். குதிரையிலிருந்து விழுவது ஒரு விபத்து. விழுந்த பின் கால் சிக்கி இழுபடுவது அதனினும் கொடிய வேறொரு விபத்து. முதலாவதை முற்றிலும் தடுக்க எந்தச் சேணத்தாலும் முடியாது. இரண்டாவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

இழுபடுதல் ஏன் அத்தனை கொடிது என்பதைக் குதிரையின் சுபாவத்தைக் கொண்டு அறியலாம். குதிரை புல் தின்னும் பிராணி. ஆபத்தைக் கண்டால் எதிர்த்து நிற்பதைவிட ஓடித் தப்புவதே அதன் பிறவிக் குணம். அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் சிறிதளவு இடம் நீங்கலாக, சுற்றிலும் உள்ளதையெல்லாம் அது ஒரே சமயத்தில் காணும். ஆகவே விலாப்புறத்தில் தொங்கும் மனிதன் ஓயாமல் அதன் பார்வையிலேயே இருக்கிறான். அவன் உடல் காலில் இடிக்க இடிக்க அது மேலும் மிரள்கிறது. மிரள மிரள மேலும் ஓடுகிறது. ஓடும் குதிரையின் பின்னங்குளம்புகள் விழும் இடத்திற்கு அருகேயே அம்மனிதனின் தலை கிடக்கிறது. ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரின் மண்குதிரை ஒருநாளும் மிரளாது. உயிருள்ள மட்டம் எத்தனை சாதுவானாலும் ஒருநாள் மிரளும். பத்து வருஷம் மிரளாதிருந்த கிழட்டு மட்டத்தைப் பற்றியும் அப்படி மிரளாது என்று உறுதி கூறுவதற்கில்லை.

ஆகவே, மனிதனையும் சேணத்தையும் இணைக்கும் சங்கிலியில் ஏதேனும் ஒரு கணு விட்டுக்கொடுத்தாக வேண்டும். பாதம் அங்கவடியிலிருந்து நழுவி வரலாம். அல்லது அங்கவடியே ஒரு பக்கம் திறந்துகொள்ளலாம். அல்லது அங்கவடி வார் சேணத்தை விட்டுக் கழன்று மனிதனோடு வந்துவிடலாம். கடைகளில் பாதுகாப்புக்கென்று விற்கப்படும் அங்கவடிச் சாமான்கள் எல்லாம் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றைச் செய்பவையே.

அங்கவடி பழமையான சாதனம். சாஞ்சி ஸ்தூபத்தின் சிற்பங்களில், குதிரை மேலிருப்பவர்களின் கால் செருகும் வளையம் காணப்படுவதாக ஆராய்ச்சியாளர்கள் கூறுவர். சீன தேசத்தில் சாங்ஷா நகரின் அருகே கி.பி. 302-ஆம் வருஷத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த மண்பொம்மைக் குதிரையில் ஒரு பக்கம் மட்டும் அங்கவடி இருக்கிறது; ஏறுவதற்கு மட்டும் அது உதவியிருக்க வேண்டும். 322-ஆம் வருஷத்து நான்கிங் கல்லறை ஒன்றின் பொம்மையில் இருபுறமும் இருக்கின்றன. காலுக்கு ஊன்றுகோல் கிடைத்த அன்றே கால் சிக்கும் அபாயமும் கூடவே வந்துவிட்டது. ஜப்பானியர் இதற்குக் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. அவர்களுடைய போர்வீரர்கள் உபயோகித்த "அபுமி" என்னும் அங்கவடி பாதம் முழுவதையும் தாங்கும் பலகை போன்றது. நுனி மேலே வளைந்திருக்கும். பக்கங்கள் திறந்தே இருக்கும். பக்கமே இல்லாதபோது கால் சிக்குவது எங்கே? மெக்ஸிகோ தேசத்து மாட்டுக்காரர்களோ அங்கவடியின் முன்புறத்தைத் தோலால் மூடிவிட்டார்கள். முட்புதர்கள் காலைக் கிழிக்காமலிருப்பதற்கு அம்மூடி ஏற்பட்டதாயினும், பாதம் அங்கவடியைத் தாண்டி உள்ளே போகாமலும் அது தடுத்தது.

இங்கிலாந்தில் இதைப் பற்றி மிகுதியாகச் சிந்தித்தவர்கள் பெண்களுக்குச் சேணம் செய்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பெண்கள் இரு கால்களையும் குதிரையின் ஒரே பக்கத்தில் வைத்து, நீண்ட பாவாடையுடன் சவாரி செய்தார்கள். விழும்போது பாவாடை சேணத்தின் கொம்பிலும் கால் அங்கவடியிலும் மாட்டிக்கொள்ளும். இதனால் இழுபட்டு மாண்டவர்கள் உண்டு. இதன் விளைவாக, இழுத்தால் பிரிந்துவிடும் பாவாடையும், பின்னர் பின்புறம் திறந்த மேலங்கியும் வழக்கத்துக்கு வந்தன. லண்டனில் சாம்பியன் அண்டு வில்டன், மேஹ்யூ, ஓவன் முதலிய சேணக்காரர்கள், ஆள் விழுந்தவுடன் வாரை விட்டுவிடும் பொறிகளை ஆளுக்கொரு விதமாய்ச் செய்து விற்றனர். இன்றைய பாதுகாப்பு அங்கவடிகள் அவ்வழியில் வந்தவையே.

வார்த்தண்டும் அதன் தாழும்

புதிதாக எதையும் வாங்குமுன், உள்ள சேணத்தை முதலில் பரீட்சிக்க வேண்டும். சேணத்தின் மேல் மடலைத் தூக்கிப் பார்த்தால், அங்கவடி வார் எதில் மாட்டியிருக்கிறதென்று தெரியும். நன்கு செய்யப்பட்ட சேணத்தில், உள்ளிருக்கும் கட்டைச் சட்டத்துடன் ஆணி அறைந்து இணைத்த இரும்புத் தண்டு ஒன்று குதிரையின் வால் பக்கம் நோக்கி நீண்டிருக்கும். கடைக்காரர்கள் இதை "ஸ்டிரப் பார்" என்பார்கள். நாம் வார்த்தண்டு என்று வைத்துக்கொள்வோம். வார் இத்தண்டின்மேல் சும்மா தொங்குகிறது. தண்டின் பின்முனை திறந்திருப்பதால், ஆள் விழுந்து வார் பின்னோக்கி இழுபட்டால் வழுக்கிக் கழன்றுவிடும். பல சேணங்களில் அம்முனையில் கீல் வைத்த சிறு தாழ் ஒன்று இருக்கும். தாழை மேலே தூக்கினால் வார் கழலாது; கீழே படுக்கவிட்டால் கழலும்.

இந்தத் தாழை எப்போதும் கீழேயே விட்டிருக்க வேண்டும். "சவாரி நடுவே வார் கழன்று விழுகிறது, அதனால் தூக்கி வைத்தோம்" என்று சிலர் சொல்வர். ஏறியிருப்பவரின் கால் மிகவும் பின்னே போனாலொழிய வார் அப்படிக் கழலாது. அது உட்காரும் முறையின் பிழை. அப்பிழைக்காகத் தாழைத் தூக்கி வைப்பது, கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று வெளியே பூட்டிவிட்டு உள்ளே படுத்திருப்பதற்கு ஒப்பாகும். தாழைத் தூக்கிய நிலையிலும் பலமாக இழுத்தால் அதுவாகத் திறந்துகொள்ளும் என்று வியாபாரிகள் கூறுவதுண்டு. புதிதாய் எண்ணெயிட்ட கீலில் அப்படி நடக்கலாம். மலைச் சாரலில் நனைந்து துருவேறிய கீலை நம்பலாகாது.

வார்த்தண்டுக்கும் ஒரு குறை உண்டு. ஆள் பின்னோக்கி இழுபடும்போது மட்டுமே அது வாரை விடும். இடது கால் சிக்கியபடி வலப்பக்கம் விழுந்தாலோ, முன்புறம் கழுத்தின் வழியாகச் சரிந்தாலோ வார் குறுக்கே இழுபடுமே தவிரப் பின்னோக்கி நகராது. ஆகையால் தண்டு ஒன்றையே நம்பி நின்றுவிடாமல் அங்கவடியையும் கவனித்தல் அவசியம்.

வாடகை மட்டங்களின் சேணங்களில், நான் மேலே கூறியதுபோல், வெறும் வளையத்தில் வாரைக் கோத்துவிடும் வழக்கம் காணப்படுகிறது. வளையத்தை அறுத்துவிட்டு ஊர்க் கொல்லரிடம் ஒரு கொக்கி அடித்து மாட்டிவிடலாமென்று தோன்றும், அது கூடாது. ஆளின் முழுக் கனமும் ஒரு காலில் நிற்கும் இடம் அது. தண்டு சேணச் சட்டத்தோடு ஒன்றாகப் பிணைந்திருக்க வேண்டும். அது சேணத் தொழில் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை. சேணத் தொழிலுக்குப் பேர்போன கான்பூர் நகரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ராணுவத்துக்கான சேணத் தொழிற்சாலை ஏற்பட்டது. அந்நகரத்துச் சேணங்கள் இன்று புவிசார் குறியீடு பெற்று வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. திறந்த முனையுள்ள வார்த்தண்டு கேட்டால் கிடைக்காத அபூர்வ வஸ்துவல்ல. கேட்பதில்லை என்பதே நம் குறை.

பாதமும் அங்கவடியின் அகலமும்

செலவில்லாமல் செய்யக்கூடியதும், பெரும்பாலோர் அசட்டை செய்வதும் அகலத்தைப் பற்றியது. ஏறுபவரின் காலணி மிகவும் அகன்றிருக்கும் இடத்தை அளந்து, அதைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் அகன்ற அங்கவடியைத் தரவேண்டும். அதாவது பாதத்தின் இருபுறமும் அரையங்குலம் இடம் இருக்கும். காலணி மூன்றரை அங்குலமானால் அங்கவடி நாலரை அங்குலம். இதற்குக் குறைந்தால் பாதம் இறுகிச் சிக்கும். மிகவும் மிஞ்சினால் பாதம் முழுவதும் உள்ளே நுழைந்து கணுக்காலில் மாட்டிக்கொள்ளும். இது முன்னதைவிட மோசம். ஆகையால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெரிய அளவில் வாங்கிவிடுவது சிக்கனமாகாது.

காலணிக்குக் குதி வேண்டும். அரையங்குலத்திற்குக் குறையாத குதி, பாதம் முன்னே நழுவிச் செல்லாமல் முட்டுக்கொடுக்கும். அடிப்பாகம் வழுவழுப்பாய் இருக்கட்டும். மலையேறுவதற்கென்று ஆழமான பள்ளங்கள் வெட்டிய பூட்ஸும், ஓட்டப் பயிற்சிக்காரர்கள் அணியும் அகன்ற ரப்பர்க் காலணியும் அங்கவடியைக் கவ்விக்கொள்ளும். ஆனால் ஏரிக்கரைக்கு வரும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் செருப்பணிந்தே வருகிறார்கள் என்பதை யாவரும் அறிவோம். அவர்களைத் திருப்பி அனுப்பினால் பிழைப்புக் கெடும். அதற்கு ஏற்ற அங்கவடியைப் பின்னே கூறுகிறேன். இயன்ற சங்கங்கள் குதி வைத்த காலணிகளில் நாலைந்து அளவுகளை வாங்கி வைத்துச் சவாரியின்போது இரவல் தரலாம். தலைக் கவசத்தையும் அப்படியே. தலைக் கவசம் குதிரைச் சவாரிக்கென்றே செய்யப்பட்டு, ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 போன்ற தர முத்திரை பெற்றதாயிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கவசம் இதற்குப் பதிலாகாது.

அங்கவடியின் கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைந்தது உயர்ந்தது என்னும் எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. கனமான துருவேறா எஃகு அங்கவடி, கால் உதறியவுடன் தன் கனத்தாலேயே கீழே விழுந்து பாதத்தை விட்டுவிடும். அலுமினியத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன இலேசான அங்கவடி பாதத்தோடு ஒட்டிக்கொண்டு அலையும். பந்தயக் குதிரை ஓட்டுகிறவனுக்கு ஒவ்வொரு பலம் எடையும் கணக்கு; நமக்கு அக்கணக்கு இல்லை. பழைய நிக்கல் அங்கவடிகள் மென்மையானவை, வளையும், முறியும். மலிவாய்க் கிடைத்தாலும் வேண்டாம்.

பலவகை அங்கவடிகள்

காலை விடுவிக்கும் அங்கவடிகளில் மிகவும் பிரசித்தமானது "பீகாக்" என்று கடைகளில் வழங்கும் வகை. இதன் உட்புறக் கால் வழக்கம்போல் இரும்பு. வெளிப்புறத்தில் இரும்புக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையம் ஒன்று, மேலே ஒரு கொக்கியிலும், கீழே சிறு தோல் துண்டின் உதவியால் ஒரு குமிழிலும் மாட்டப்பட்டிருக்கும். விழும் காலின் கனம் வெளிப்புறமாக அழுத்தியவுடன் வளையம் கொக்கியை விட்டுத் தெறிக்க, அப்பக்கம் முழுவதும் திறந்துவிடும். அமைப்பு எளிது; விலையும் மிகுதியல்ல; வளையம் பழுதானால் வேறு மாற்றலாம். சிறுவர்களுக்கு இது மிக ஏற்றது.

இதன் குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே இரும்பாதலால் கனத்த ஆள் ஏறி நின்றால் அடித்தட்டு நாளடைவில் வெளிப்புறம் சாயும். தரையிலிருந்து இதில் காலூன்றி ஏறுவது அதைவிடக் கெடுதல். சவாரி தொடங்கும் இடத்தில் இரண்டு படி உயரத்திற்கு ஒரு கல் திண்ணை கட்டிவிட்டால் அங்கவடியும் பிழைக்கும், ஒருபுறமாக இழுபட்டு நோகும் குதிரையின் முதுகும் பிழைக்கும், சேணமும் திரும்பிக்கொள்ளாது. இரண்டாவது குறை, இடம் வலம் மாறிப்போவது. ரப்பர் எப்போதும் வெளிப்புறம் இருக்க வேண்டும். துடைப்பதற்காகக் கழற்றிய பின் அவசரத்தில் மாற்றி மாட்டினால் ரப்பர் குதிரையின் விலாவைப் பார்த்திருக்கும்; அப்போது அது ஒன்றுக்கும் உதவாது. நான் பார்த்த இடங்களில் இத்தவறு அபூர்வமன்று. உள்பக்கத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு நிறத்தில் அடையாளம் தீட்டி வைப்பது நல்லது. மூன்றாவதாக, வளையம் கழன்றிருக்கும்போது அந்தக் கொக்கி வெறுமையாய் நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை விலாவைச் சொறியத் தலையைத் திருப்பினால் அதன் உதடோ கடிவாள வாரோ அதில் மாட்டக்கூடும். சவாரி முடிந்ததும் அங்கவடியை வாரின்மேல் தள்ளி உயரத்தில் செருகிவிட வேண்டும்.

வளைகால் அங்கவடி என்பது இரண்டாவது வகை. இதில் ரப்பருமில்லை, கீலுமில்லை. வெளிப்புற இரும்புக் கால் நேராக இறங்காமல் முன்னோக்கியும் வெளிநோக்கியும் வில்போல் வளைந்திருக்கும். விழும்போது திரும்பும் பாதத்திற்கு அவ்வளைவு விசாலமான வாசல்போல் அமைகிறது. பீகாக் போல அத்தனை விரைவாய் விடாதென்பது உண்மையே. ஆயினும் தேய்வதற்கும் தொலைவதற்கும் அதில் யாதொன்றுமில்லை. பெரியவர்களின் கனத்தையும் தாங்கும். இடம் வலம் மாறக்கூடாது என்ற விதி இதற்கும் உண்டு.

காந்தத்தாலும் வில்சுருளாலும் திறக்கும் நவீன அங்கவடிகள் ஐரோப்பாவில் வந்திருக்கின்றன. தனிப்பட்ட சவாரிக்காரர், தம் கனத்திற்கும் காலணிக்கும் பொருத்திப் பார்த்து உபயோகிக்க அவை சிறந்தவையே. நாளுக்கு இருபது பேர் ஏறி இறங்கும் வாடகை மட்டத்தில், சேறும் மணலும் புகுந்த வில்சுருள் எத்தனை நாள் உழைக்கும்? விலையும் பன்மடங்கு. நம் சங்கங்களுக்கு இவற்றை நான் சிபாரிசு செய்யவில்லை.

நடத்திச் செல்லும் சவாரிகளுக்கு, அதாவது குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடியே செல்லும் சவாரிகளுக்கு, முன்புறம் மூடிய அங்கவடியே என் அபிப்பிராயத்தில் உத்தமம். மெக்ஸிகோ மாட்டுக்காரர்களின் மூடியைப் போன்றதே இது. கெட்டித் தோலாலோ கம்பிக் கூண்டாலோ முன்வாசல் அடைக்கப்பட்டிருக்கும். செருப்பணிந்தவராயினும், வெறுங்காலராயினும், பாதத்தின் முன்பாகத்திற்குமேல் உள்ளே போக முடியாது. போகாத கால் சிக்காது. வருகிறவர்களுக்குப் பழக்கம் இல்லை, காலணி இல்லை, சொல்லிக்கொடுக்க நேரமும் இல்லை என்ற நிலையில் இதைவிட நம்பத்தக்கது வேறில்லை. மூடி கெட்டியாயிருப்பது முக்கியம். நைந்து தொய்ந்த தோலில் கால்விரல்கள் புதைந்து சிக்கும். அதனுடன் வார்த்தண்டின் தாழும் கீழே விடப்பட்டிருக்கவேண்டும் என்பதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கயிற்றைப் பிடிப்பவரும் அதைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. ஏறியிருப்பவரின் காலுக்கு உள்ள நியாயமே அவர் கைக்கும்.

தாமே ஓட்டக் கற்கும் பெரியவர்களுக்கு வளைகாலும், அதே நிலையிலுள்ள சிறுவர்களுக்குப் பீகாக்கும், நடத்திச் செல்லும் சவாரிக்கு முன்மூடியும் என்று பிரித்து வாங்கினால் பணம் வீணாகாது.

சிறுவர்களைப் பற்றி

சிறுவர்களுக்குத் தனியாகச் சிறிய அங்கவடியும் குட்டையான வாரும் வாங்கியே தீரவேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது பாவம். உள்ள வாரில் மேலும் மேலும் துளையிட்டுச் சுருக்கினால் மிச்சமிருக்கும் நீண்ட வால் தொங்கி வேறு தொல்லை தரும். குட்டை வார் ஒரு ஜோடியின் விலை ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் வந்துவிடும். கால் எட்டாத குழந்தையின் பாதத்தை வார் மடிப்பில் செருகுவதைச் சங்கத்தார் ஒரு விதியாகவே தடுக்க வேண்டும். எட்டாவிட்டால் காலை வெறுமனே தொங்கவிட்டு, பக்கத்தில் ஒருவர் இடுப்பைப் பிடித்தபடி நடந்து வரட்டும். துண்டாலோ கயிற்றாலோ குழந்தையைச் சேணத்தோடு கட்டுவது அறவே கூடாது. பெற்றோரே சில சமயங்களில் கட்டச் சொல்வார்கள். நான் முன்பு குறிப்பிட்ட குதிரைக்காரர் இப்போது அப்படிச் சொல்கிறவர்களிடம், "கட்டினால் ஏற்ற மாட்டேன், அம்மா, பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிடுகிறார். ஒரு சவாரியின் கூலி போனாலும் போகட்டுமென்கிறார்.

வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

சாமான் வந்து சேர்ந்ததும் பணத்தைக் கொடுக்குமுன் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். சேணத்தை ஒரு மரத்தண்டின்மேல் ஏற்றிக் கட்டுங்கள். ஒருவர் சேணத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அங்கவடியைப் பிடித்துக் குதிரையின் பின்புறம் இருக்கும் திசையில், சற்றே தாழ, நிதானமாக இழுக்கட்டும். வார் தண்டை விட்டு வழுக்கி வரவேண்டும். வராவிட்டால் தோல் மிகத் தடிப்பாயிருக்கலாம், அல்லது தண்டின் முனை மேலே வளைந்திருக்கலாம். இரண்டும் திருப்பி அனுப்பத் தக்க குறைகளே. பீகாக் ஆனால் அடித்தட்டில் கையை வைத்து வெளிப்புறமாக அழுத்த, வளையம் தெறிக்கவேண்டும். பிறகு, ஏறப்போகும் ஆட்களில் பெரிய காலுள்ளவர் ஒருவரையும் சிறிய காலுள்ளவர் ஒருவரையும் அழைத்து அகலத்தை அளந்து பார்க்கலாம். கான்பூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ தருவிப்பதானால், முதலில் ஒரு ஜோடி மட்டும் வரவழைத்து இவ்வாறு பார்த்த பிறகு மீதியை எழுதுவது உசிதம்.

வயிற்று வாரையும் மறக்கக் கூடாது. அது தளர்ந்து சேணம் வயிற்றின் கீழே திரும்பிவிட்டால் எந்த அங்கவடியும் ஒழுங்காக வேலை செய்யாது. ஏறுமுன் ஒரு முறை இறுக்கி, ஏறி ஐந்து நிமிஷம் நடந்தபின் மறுபடி பார்க்கவேண்டும். சேணம் போடும்போது மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளும் மட்டங்கள் நம்மிடம் ஏராளம்.

தோலுக்கு எண்ணெயிடுகிறவர்கள் ரப்பர் வளையத்தில் அது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் ரப்பரைக் கரைத்து நைக்கும். வெயில் அதை வெடிக்கச் செய்யும். விரலால் நீட்டிப் பார்க்கும்போது மேலே நுண்ணிய கீறல்கள் தெரிந்தால் அந்த வளையத்தை உடனே எறிந்துவிட வேண்டும். அறுந்த வளையத்திற்குப் பதிலாகச் சணல் கயிறோ கம்பியோ கட்டி அன்றையச் சவாரியை ஓட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிக் கட்டிய அங்கவடி சாதாரண அங்கவடியையும்விடக் கெட்டது; ஏனெனில் அதை நம்பி ஆளை ஏற்றுகிறோம். ஒவ்வொரு ஜோடிக்கும் உபரியாக நான்கு வளையங்கள் வாங்கி, மூடியுள்ள தகர டப்பாவில் நிழலான இடத்தில் வைத்து, டப்பாவின் சாவியைக் காரியதரிசியின் வீட்டில் வைக்காமல் சவாரி புறப்படும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும்.